ஆணுக்கு டிக்கெட், பெண்ணுக்கு இலவசம்: இது பாகுபாடா?

வாடகை வீடு கிடைக்காதவரும் சொல்கிறார், மருத்துவக் கலந்தாய்வில் இடம் கிடைக்காதவரும் சொல்கிறார்: 'எனக்குப் பாகுபாடு காட்டிவிட்டார்கள்.' இருவருக்கும் ஒரே ஆத்திரம்தான். ஆனால் இருவருக்கும் நடந்தது ஒன்றல்ல. வேறுவேறாக நடத்துவது எப்போது பாகுபாடாகிறது, அதற்கு நியாயம் சொல்ல முடியுமா என்பதை நம் நீதிமன்றங்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அலசி வருகின்றன. சில நேரம் தெளிவாக, சில நேரம் சொதப்பலாக. அடிக்கடி எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

ஒருவரை ஒரு மாதிரியும் இன்னொருவரை வேறு மாதிரியும் நடத்தினாலே பாகுபாடுதானே?

அப்படிப் பார்த்தால் வருமான வரியே பாகுபாடாகிவிடும். அதிகம் சம்பாதிப்பவரிடம் அதிகம் வாங்குகிறார்கள். பதினெட்டு வயது ஆகாதவருக்கு ஓட்டு இல்லை. உரிமம் இல்லாதவர் லாரி ஓட்டக் கூடாது. சட்டம் என்று ஒன்று வந்தாலே அது ஆட்களைப் பிரிக்கத்தான் செய்யும். எந்த அடிப்படையில் பிரித்தார்கள், எதற்காகப் பிரித்தார்கள், அந்த அடிப்படைக்கும் நோக்கத்துக்கும் ஒட்டு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அன்வர் அலி சர்க்கார் வழக்கில் 1952ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கையில் எடுத்த அளவுகோல் இது. மேற்கு வங்க அரசு, வழக்குகளை விரைந்து முடிக்கத் தனி நீதிமன்றங்கள் என்று 1950இல் ஒரு சட்டம் போட்டது. எந்த வழக்கை வேண்டுமானாலும் அரசு அங்கே அனுப்பலாம். எது அவசர வழக்கு, எது சாதாரண வழக்கு என்பதற்கு அதில் வரையறையே கிடையாது. ஒரே குற்றத்துக்கு ஒருவருக்கு வழக்கமான விசாரணை, இன்னொருவருக்குச் சலுகைகள் குறைந்த விசாரணை. அந்தச் சட்டம் நிற்கவில்லை.

இது அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவின் வேலை. 15ஆவது பிரிவு இன்னும் கறாரானது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாக வைத்து அரசு யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. அரசு வேலைக்கான 16ஆவது பிரிவு வம்சாவளி, வசிப்பிடம் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. இந்தப் பட்டியல் தற்செயலாக அமைந்ததல்ல. இவற்றில் பெரும்பாலானவை பிறப்போடு வந்து ஒட்டிக்கொள்பவை. ஆளைத் தள்ளிவைக்கக் காலங்காலமாகப் பயன்பட்டவை.

சரி, பாகுபாட்டை எப்போதாவது நியாயப்படுத்த முடியுமா?

இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் வரி ஒன்று நம் சட்டத்திலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மூன்றாவது பிரிவு: ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது, நியாயமான நோக்கம் ஒன்றுக்காக, அளவு மீறாத வழியில் அது செய்யப்பட்டது என்று காட்டினாலொழிய.

முழுப் பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் பேருந்து ஓட்டும் வேலை தர மறுத்தால் இந்த விலக்கு பொருந்தும். அவருக்கே தொலைபேசி இயக்குநர் வேலையை மறுத்தால் பொருந்தாது. மத்தியப் பிரதேசத்தில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நீதிபதி பணிக்கு வர முடியாதபடி ஒரு விதி இருந்தது. அதை 2025 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குக் கட்டுகளைக் கண்ணால்தான் படித்தாக வேண்டும் என்ற காலம் போய்விட்டது.

அந்தச் சட்ட வரியில் எனக்குப் பிடித்தது, நியாயம் காட்ட வேண்டிய சுமை மறுத்தவர் தலையில் விழுவதுதான். நம் நடைமுறையில் பெரும்பாலும் அது தலைகீழாக இருக்கிறது. மறுக்கப்பட்டவர்தான், தான் ஏன் மறுக்கப்பட்டோம் என்பதற்கு ஆதாரம் தேடி அலைகிறார். எல்லாப் பாகுபாட்டு வழக்குக்கும் இந்த வரியே விதியாக இருந்தால் நன்றாக இருக்கும். இப்போதைக்கு அப்படி இல்லை.

பெண்களுக்கு மட்டும் இலவசப் பேருந்து என்பது ஆண்களுக்குச் செய்யும் பாகுபாடு ஆகாதா?

தமிழகத்தில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியதிலிருந்து டீக்கடைகளில் ஓயாத கேள்வி இது. பாலினத்தின் பேரில் ஒதுக்காதே என்று சொல்கிற அதே 15ஆவது பிரிவு, தன் மூன்றாவது உட்பிரிவில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்குத் தடையில்லை என்கிறது. சட்டப்படி இதுவே போதுமான பதில்.

ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதால் மட்டும் ஒன்று நியாயமாகிவிடாது. திட்டத்தின் நோக்கத்தைப் பார்க்கலாம். வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவமனைக்கும் போக ஒவ்வொரு முறையும் வீட்டில் காசு கேட்டு நிற்கும் நிலை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பெண் என்று பிரித்ததற்கும் அந்த நோக்கத்துக்கும் ஒட்டு இருக்கிறது. ஆண் பயணிக்கு எதுவும் பறிபோகவில்லை. நேற்றுக் கொடுத்த அதே கட்டணத்தைத்தான் இன்றும் கொடுக்கிறார், அதே வண்டியில்தான் ஏறுகிறார்.

'கார் வைத்திருக்கும் பெண்ணுக்கும் இலவசமா?' என்று கேட்பார்கள். காகிதத்தில் ஆமாம். ஆனால் சலுகை இருப்பது நின்று நின்று போகும் சாதாரண டவுன் பஸ்ஸில். கார் வைத்திருப்பவர் அதில் ஏற வரமாட்டார். வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்று ஆரம்பித்திருந்தால் தாலுகா அலுவலக வாசலிலேயே பாதிப் பேர் நின்றிருப்பார்கள்.

கூலி வேலைக்குப் போகும் ஏழை ஆணின் வருத்தம் பொய்யல்ல. அவருக்கும் சலுகை வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. திருநர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது விரிந்தது அப்படித்தான். இந்தத் திட்டத்தில் நிஜமான பாகுபாடு எங்கே இருந்தது என்றால், நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போனதாக எழுந்த புகார்களில். 'ஓசி டிக்கெட்' என்ற நக்கலில்.

பெண்களின் பாதுகாப்புக்காக ஒன்றைத் தடுத்தால் அதுவும் பாகுபாடா?

பெரும்பாலும் ஆமாம். இதில் நம் நீதிமன்றங்களே தட்டுத் தடுமாறித்தான் வந்திருக்கின்றன.

குடகைச் சேர்ந்த சி.பி. முத்தம்மா, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். குடிமைப் பணித் தேர்வில் வென்று வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு இந்தக் கேள்வியே கிடையாது. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆணுக்கும் அப்படித்தானே என்று 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கேட்டார். அதற்குள் அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. அந்த விதிகளையும் கைவிடுவதாகச் சொன்னது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1981இல், அதே உச்ச நீதிமன்றம் வேறு மாதிரிப் பேசியது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். அல்லது வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தால், அல்லது முதல் முறை கருவுற்றால், அத்துடன் வேலை போய்விடும். விமானத்தில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்த ஆண்களுக்கு இந்தக் கெடு இல்லை. நீதிமன்றம் கருவுற்றால் வேலைநீக்கம் என்பதைக் கடுமையாகக் கண்டித்து நீக்கியது. ஆனால் திருமணத் தடையை ஏற்றுக்கொண்டது. காரணம், பணிப்பெண்களும் ஆண் ஊழியர்களும் தனித்தனிப் பணிப்பிரிவினர், ஆகவே ஒப்பிட முடியாதாம். முதலில் இருவரையும் வேறு பெட்டியில் போடு, பிறகு பெட்டி வேறு என்று சொல்லி வேறாக நடத்து. இந்த வாதத்தை எங்கே கேட்டாலும் உஷாராக வேண்டும்.

தொழிற்சாலைச் சட்டம் மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றது. கேட்க அக்கறையாகத்தான் இருக்கும். ஆனால் ஆலைகளில் இரவு ஷிஃப்டை ஏற்கத் தயாராக இருந்த பெண்களுக்கு அது வேலையையும் வருமானத்தையும் குறைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தத் தடையை நீக்கியது. போக்குவரத்து வசதி, ஓய்வறை, பாதுகாப்பு என்று நிர்வாகம் செய்ய வேண்டியவற்றையும் பட்டியலிட்டது. இதையே உச்ச நீதிமன்றம் 2007இல் அனுஜ் கார்க் வழக்கில் சொன்னது. மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டப் பிரிவு, ஹோட்டல் நிர்வாகம் படித்த பெண்களின் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ஆபத்து இருந்தால் அதைத் தடுப்பது அரசின் கடமை. ஆபத்துக்குப் பயந்து பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பாகாது என்று அது செல்லாமல் போனது.

அப்படியானால் பேறுகால விடுப்பு? அது வேறு. அது பெண்ணை வேலையில் நிலைக்கச் செய்வதற்கான ஏற்பாடு. பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்று பாருங்கள். இரவு ஷிஃப்ட் தடையில் விலை கொடுத்தது பெண் தொழிலாளி. விடுப்பில் கொடுப்பது நிர்வாகம்.

இட ஒதுக்கீடு பொதுப்பிரிவினருக்குச் செய்யும் பாகுபாடு என்கிறார்களே?

இந்தச் சந்தேகம் நம் ஊரிலிருந்துதான் டெல்லிக்குப் போனது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய செண்பகம் துரைராஜன் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அரசாணை செல்லாது என்றன. தமிழகம் கொதித்தது, பெரியாரின் இயக்கம் தெருவில் இறங்கியது. அந்த ஆண்டு ஜூன் மாதமே முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) சேர்ந்தது.

அதற்குப் பிறகும் இட ஒதுக்கீட்டைச் சமத்துவத்துக்கு ஒரு விதிவிலக்கு என்றே பலகாலம் பேசினார்கள். 1975இல் என்.எம். தாமஸ் வழக்கில் பார்வை மாறியது. கேரளத்தில் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வில் தேர்ச்சி பெறப் பட்டியல் சாதி, பழங்குடி எழுத்தர்களுக்கு அரசு கூடுதல் அவகாசம் கொடுத்திருந்தது. அதை ஏற்ற உச்ச நீதிமன்றம், இத்தகைய ஏற்பாடு சமத்துவத்திலிருந்து விலகுவதல்ல, சமத்துவத்துக்குப் போகும் வழிகளில் ஒன்று என்ற கருத்துக்கு வந்தது. நிலைமை சமமாக இல்லாதபோது எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தால், ஏற்கெனவே முன்னால் இருப்பவர் முன்னாலேயே இருப்பார்.

அதற்காக இட ஒதுக்கீடு என்றதும் கேள்வி கேட்கக் கூடாது என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டின் இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று 2009இல் சட்டம் வந்தது, நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் ஆய்வுக்குப் பிறகு. அதே பட்டியலில் இருந்தும், துப்புரவுப் பணியில் தள்ளப்பட்டிருந்த அந்த மக்களுக்கு அரசு வேலைகளில் உரிய பங்கு வரவில்லை என்பதே அடிப்படை. இப்படி உள் ஒதுக்கீடு தரலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 6க்கு 1 என்று தீர்ப்பளித்தது. ஆனால் தரவு வேண்டும் என்றது. மற்றது, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீதத்துக்குள் வன்னியர்களுக்கு 10.5 சதவீதம் என்று 2021இல், தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன்னால் வந்த சட்டம். அதே பிரிவில் உள்ள மற்ற 115 சமூகங்களிலிருந்து இவர்களைத் தனியே பிரிக்கப் போதுமான, காலத்துக்கேற்ற தரவு இல்லை என்று 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கோரிக்கை தவறு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஏன் பிரித்தாய் என்ற கேள்விக்கு அரசின் கையில் பதில் இல்லை, அவ்வளவுதான். அவசரத்தில் போட்ட சட்டத்துக்கு விலை கொடுத்தவர்கள், அதை நம்பிய மாணவர்கள்.

பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதம் மட்டும் எப்படிச் சரியாகும்?

2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில்தான் அதை ஏற்றது. அளவுகோல் வறுமை; குடும்ப ஆண்டு வருமான வரம்பு 8 லட்ச ரூபாய். ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் எவ்வளவு ஏழையானாலும் இதில் இடமில்லை, அவர்களுக்கு ஏற்கெனவே ஒதுக்கீடு இருப்பதால். அந்த விலக்கே பாகுபாடு என்று தலைமை நீதிபதி யு.யு. லலித்தும் நீதிபதி ரவீந்திர பட்டும் மாறுபட்டார்கள். ஏழ்மைதான் அடிப்படை என்று சொல்லிவிட்டு ஏழைகளில் பெரும்பகுதியைச் சாதி பார்த்து வெளியே நிறுத்தினால் நோக்கத்துக்கும் பிரிவினைக்கும் ஒட்டு எங்கே? எனக்கு அந்தச் சிறுபான்மைத் தீர்ப்புதான் சரியாகப் படுகிறது. சட்டம் என்னவோ மூவர் சொன்னதுதான்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம். தனியார் பள்ளியில் கடன் வாங்கிப் படிக்கும் ஏழை என்ன பாவம் செய்தார்?

கோடு எங்கே போட்டாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்பார். நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கைக்குப் பின் 2020இல் சட்டம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் அதை ஏற்றபோது, ஐந்து ஆண்டுகளில் மறுபரிசீலனை செய்யவும் சொன்னது. கோடு போடுவதைவிட, போட்ட கோட்டை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுதான் அரசுகளுக்குச் சிரமமான வேலை.

உள்ளூர்க்காரருக்கே வேலை என்று சட்டம் போடலாமா?

மாநில அரசு நினைத்த மாத்திரத்தில் முடியாது. அரசு வேலைக்கு வசிப்பிடத்தை நிபந்தனையாக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. தனியார் வேலையில் மாதம் 30,000 ரூபாய்க்குக் குறைந்த சம்பளமுள்ள இடங்களில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்ற ஹரியானா சட்டத்தைப் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்தது. ஆனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வகை. பீகாரில் பிறந்தவரின் பிள்ளை இங்கே தமிழ் வழியில் படித்திருந்தால் அவருக்கும் அது கிடைக்கும். இங்கேயே பிறந்து ஆங்கில வழியில் படித்தவருக்குக் கிடைக்காது.

எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே தேர்வு என்றால் அதில் பாகுபாடு எப்படி வரும்?

வரும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலே வரும். இதை நம் நீதிமன்றங்கள் புரிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

ராணுவத்தில் குறுகிய காலப் பணியில் இருந்த பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்கச் சொல்லி 2020இல் தீர்ப்பு வந்தது. ராணுவம் ஆண்களுக்கு வைத்திருந்த அதே உடல்தகுதி அளவை இவர்களுக்கும் வைத்தது. மேலோட்டத்தில் முழுச் சமத்துவம். ஆனால் ஆண்கள் இந்தச் சோதனைக்குப் போவது பணியின் ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில், இளவயதில். பெண்களுக்கோ அந்த வயதில் வாய்ப்பே தரப்படவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு, இருபத்தைந்து வயது உடம்போடு வா என்றார்கள். அவர்களின் பழைய பணி மதிப்பீடுகளும், எப்படியும் நிரந்தரமாகப் போவதில்லை என்ற நினைப்பில் ஏனோதானோ என்று எழுதப்பட்டவை. 2021 மார்ச்சில் நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்று பெயர் சொல்லியே தீர்ப்பளித்தது. விதி போட்டவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று தோண்ட வேண்டியதில்லை. விதி யார்மேல் போய் விழுகிறது என்று பார்த்தால் போதும்.

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு பிரிவுதான். திருநங்கையை விலக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அப்படி ஒருவர் வருவார் என்றே நினைக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அவர் காக்கிச் சட்டை போட முடிந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுத ஒருவரைக் கேட்டபோது, அந்தக் கோளாறு பட்டியலில் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பே பாகுபாடு என்றது. 2016 சட்டப்படி, நியாயமான வசதி செய்துதர மறுப்பதும் பாகுபாட்டின் ஒரு வகை. படி மட்டும் இருக்கிற அலுவலகம் யாரையும் 'வராதே' என்று சொல்வதில்லைதான்.

சலூன்காரர் 'உனக்கு முடி வெட்ட முடியாது' என்று சொன்னால்? அது அவர் கடை, அவர் விருப்பம் இல்லையா?

இல்லை. 15(2) தனியாரையும் கட்டுப்படுத்தும் அபூர்வமான பிரிவு. கடை, உணவகம், விடுதி, பொழுதுபோக்கு இடம், பொதுக் கிணறு, குளம், சாலை என எதிலும் சாதி, மதம், பாலினம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது. கடை என்றால் எது என்று அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் கேள்வி வந்தது. வருகிறவருக்குத் தன் சேவையைத் தரத் தயாராக இருக்கும் எவருடைய இடமும் கடையே என்ற பொருளில் அம்பேத்கர் பதில் சொன்னார். சலூன், சலவைக் கடை எல்லாம் அதில் அடங்கும். தீண்டாமையின் பேரில் சேவை மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். டீக்கடையில் தனிக் குவளை வைப்பதும் அப்படியே. ஊர்க் கட்டுப்பாடு, நான் என்ன செய்வது என்ற சலூன்காரரின் பதில் பல இடங்களில் உண்மையாகவும் இருக்கலாம். அப்போது கட்டுப்பாடு விதித்தவர்களும் வழக்கில் சேர வேண்டும்.

வீட்டுக்காரர் 'சைவம் மட்டும்' என்கிறார். இதற்கு என்ன சட்டம்?

இங்கேதான் நம் சட்டத்தில் பெரிய ஓட்டை. வீடு வாடகைக்கு விடுவது 15(2) பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. எச்.ஐ.வி. தொற்று உள்ளவருக்கு வாடகை வீடு மறுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. திருநர்களுக்கு மறுக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தீண்டாமையின் பேரில் குடியிருக்கத் தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்றாலும், சாதிக்காகவோ மதத்துக்காகவோ வீடு மறுப்பதைப் பொதுவாகத் தடுக்கும் மத்தியச் சட்டம் கிடையாது. எதை வைத்து இந்த நாட்டில் அதிகம் வீடு மறுக்கிறார்களோ, அதை முழுதாகத் தொடாமல் சுற்றிப் போயிருக்கிறார்கள்.

அகமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று விதி வைத்திருந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. தாமாகக் கூடி அமைத்த சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது அவர்கள் உரிமை என்ற வாதம். அருகிவரும் ஒரு சிறு சமூகத்துக்கு இது பொருந்துவதாகத் தோன்றலாம். இதே விதியை நகரின் ஒவ்வொரு குடியிருப்பும் வைத்துக்கொண்டால் வெளியே நிற்பது யார் என்பது தெரிந்ததே.

'சைவம் மட்டும்' என்பதற்கு வருவோம். தன் வீட்டின் ஓர் அறையை விட்டுச் சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் மூதாட்டி அப்படிக் கேட்டால் அதில் நியாயம் உண்டு. பன்னிரண்டு வீடு உள்ள காம்பவுண்டைக் கட்டி வாடகை வாங்கும் முதலாளிக்கு அந்த நியாயம் நீளாது. அவர் நடத்துவது வியாபாரம். அதோடு, உணவுதான் காரணம் என்றால் சைவம் சாப்பிடுகிற எவருக்கும் வீடு கிடைக்க வேண்டும். 'சொந்த ஊர் எது? எந்தத் தெரு? நீங்க என்ன ஆளுங்க?' என்ற அடுத்த கேள்விகள் ஏன் வருகின்றன? டெல்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும், வீடு தேடுபவர்களாகப் பேசிப் பார்த்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. பெயரைக் கேட்டதும் தலித்துகளுக்கும், அதைவிட அதிகமாக முஸ்லிம்களுக்கும் கதவு மூடியதை அது பதிவு செய்தது.

தனியார் கம்பெனி வேலையிலும் இதே நிலைதானா?

கிட்டத்தட்ட. ஒரே வேலைக்கு ஆணுக்கொரு சம்பளம் பெண்ணுக்கொரு சம்பளம் கூடாது என்று 1976 முதல் சட்டம் உண்டு. மாற்றுத்திறனாளிகள், திருநர்கள் விஷயத்தில் தனியார் நிறுவனமும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே. சாதி, மதம் பார்த்து நேர்காணலுக்கே கூப்பிடாமல் விட்டால் கேட்க ஆளில்லை. தோரட்டும் பால் ஆட்டவெல்லும் தகுதி ஒன்றாகவே உள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு சுமார் மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

சம வாய்ப்பு ஆணையம் ஒன்று வேண்டும் என்று, முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் சொன்னது. சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த பாகுபாடு எதிர்ப்பு, சமத்துவ மசோதா சட்டமாகவில்லை. இட ஒதுக்கீடு நியாயமா என்று மணிக்கணக்கில் விவாதிக்கும் தொலைக்காட்சிகள் இந்த மசோதாவுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கின என்று கேட்கத் தோன்றுகிறது.

எனக்குப் பாகுபாடு நடந்திருக்கிறது. எங்கே போவது?

முதலில், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அரசு அலுவலகம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்புக் குறிப்பையும் மதிப்பெண் விவரத்தையும் வாங்கலாம். அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தீண்டாமை, வன்கொடுமை என்றால் காவல் நிலையம்தான் முதல் இடம். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, வேண்டுமென்றே வழக்குப் பதிய மறுக்கும் அதிகாரியும் தண்டனைக்கு உள்ளாவார். இதற்கான தேசிய உதவி எண் 14566. மாற்றுத்திறனாளிகள் மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கு மாநில மகளிர் ஆணையம் உண்டு.

வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. வீட்டு வாடகை மறுப்புக்கு மட்டும் இந்த வரிசையில் நேரான வாசல் இல்லை. 'இந்தச் சாதிக்குத் தரமாட்டேன்' என்று வெளிப்படையாகச் சொல்லிப் பிறர் முன்னிலையில் இழிவுபடுத்தியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழி இருக்கலாம். சிரித்துக்கொண்டே 'வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சிட்டோம்' என்று அனுப்பியிருந்தால், இன்றைய சட்டத்தில் அந்த வீட்டுக்காரரைத் தொடுவது கடினம்.